கையில் இருக்கும் தண்டோரா

அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்றால் தண்டோரா போடுவார்கள். ஒருவர் பறையைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாக வருவார். சத்தம் கேட்டு ஜனங்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். "நாளைக் காலையில் மடை திறக்கப் போகிறார்கள்" என்பார். "வரி கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள்" என்பார். வட மாநிலங்களில் இதை முனாதி என்றார்கள். கர்நாடகத்தில் டங்குர என்றார்கள். பெயர்தான் வேறு. வேலை ஒன்றே.

தண்டோராவில் ஒரு நல்லது இருந்தது. பறை தட்டுகிறவர் யார் என்று ஊருக்குத் தெரியும். அவரை அனுப்பியது யார் என்றும் தெரியும். செய்தி தவறாக இருந்தால் அவரை நிறுத்திக் கேட்கலாம்.

இன்று நிலைமை வேறு. செல்போன் வந்துவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு தண்டோரா இருக்கிறது. விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும். செய்தி பல ஊர்களுக்குப் போய்விடும். ஆனால் அதை முதலில் தட்டியவர் யார்? அது யாருக்கும் தெரிவதில்லை.

இந்தத் தண்டோராவைக் கையில் வைத்திருப்பது ஒவ்வொருவரின் உரிமை. அதைப் பார்த்துத் தட்டுவது ஒவ்வொருவரின் பொறுப்பு. பொறுப்பு தவறினால் என்ன ஆகும்? 2018ஆம் ஆண்டில் நம் நாடு அதைப் பார்த்தது.

சந்தை நாளில் நடந்தது

மகாராஷ்டிர மாநிலத்தில் துலே என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே ரெயின்பாடா என்பது ஒரு சிறிய கிராமம். 2018 ஜூலை 1ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று அங்கே வாரச் சந்தை.

ஐந்து ஆண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். அவர்கள் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஊர் ஊராகப் போய் யாசகம் கேட்டுப் பிழைப்பவர்கள். அவர்களில் ஒருவர் ஒரு சிறுமியிடம் பேசினார். அவ்வளவுதான். "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்" என்று ஒரு குரல் எழுந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஐந்து பேரையும் பஞ்சாயத்து அலுவலக அறைக்குள் தள்ளினார்கள். கட்டையாலும் கல்லாலும் அடித்தார்கள். தடுக்க வந்த போலீசாரையும் தாக்கினார்கள். ஐந்து பேரும் இறந்துபோனார்கள். அவர்கள் எந்தப் பிள்ளையையும் பிடிக்க வரவில்லை.

இது ஓர் ஊரில் மட்டும் நடந்ததல்ல. அதே ஆண்டு மே 9ஆம் தேதி தமிழ்நாட்டிலும் நடந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே ஒரு குடும்பம் காரில் வந்தது. குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியைக் கேட்க வண்டியை நிறுத்தினார்கள். காரில் இருந்த 65 வயது அம்மாள் அங்கே நின்ற பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பாசத்தோடுதான் கொடுத்தார். அதைப் பார்த்தவர்கள் தவறாக நினைத்தார்கள். கூட்டம் அடித்ததில் அந்த அம்மாள் இறந்துபோனார்.

திரிபுராவில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கும் பிள்ளை பிடிக்கிற வதந்தி பரவியது. "இது பொய், நம்பாதீர்கள்" என்று சொல்ல அரசு சிலரை வேலைக்கு வைத்தது. அவர்களில் ஒருவர் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அவரும் ஒரு தண்டோராக்காரர்தான். உண்மையைச் சொல்லப் போனவர். ஜூன் 28ஆம் தேதி சப்ரூம் அருகே அவரையே பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்து அடித்துக் கொன்றுவிட்டார்கள்.

பாதி வெட்டிய படம்

ஜனங்கள் ஏன் இப்படிச் செய்தார்கள்? அவர்களுடைய செல்போனுக்கு ஒரு வீடியோ வந்திருந்தது. அந்த நாட்களில் பல மாநிலங்களில் அது சுற்றிக்கொண்டிருந்தது.

தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும். "பிள்ளை பிடிக்கும் கும்பல் நம் பக்கம் வந்துவிட்டது. எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்ற வார்த்தைகளும் கூடவே வந்தன.

ஆனால் அது இந்தியாவில் எடுத்த படமே இல்லை. பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில் எடுத்தது. காணாமல் போகும் பிள்ளைகளுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பு அதை எடுத்தது. "பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பெற்றோருக்குச் சொல்வதற்காக எடுத்த விளம்பரப் படம். அதில் வந்தவர்கள் நடிகர்கள். படத்தின் கடைசியில் அதே மோட்டார் சைக்கிள் திரும்பி வரும். பிள்ளையைப் பத்திரமாக இறக்கி விடுவார்கள். ஓர் அட்டையைக் காட்டுவார்கள். அதில் பெற்றோருக்கான அறிவுரை இருக்கும்.

யாரோ ஒருவர் அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார். நல்லதுக்காக எடுத்த படம் நஞ்சாக மாறிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வீடியோவை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்ல. ஒரு தாய் தன் தங்கைக்கு அனுப்பியிருப்பாள். "உன் பிள்ளையைப் பார்த்துக்கொள்" என்று பாசத்தில் அனுப்பியிருப்பாள். தங்கை தன் தோழிக்கு அனுப்பியிருப்பாள். எல்லோரும் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். வதந்தி இப்படித்தான் பிழைக்கிறது. அது பாசத்தின் தோளில் ஏறிப் பயணம் செய்கிறது.

தெரிந்தவர் அனுப்பினால் நம்பத் தோன்றுகிறது. படம் இருந்தால் இன்னும் நம்பத் தோன்றுகிறது. பயம் வந்துவிட்டால் யோசிக்கவே தோன்றுவதில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் கண்ணில் பட்டால் பழி அவர் மேல் விழுந்துவிடுகிறது.

இரண்டு மாவட்டங்கள் காட்டிய வழி

இதைத் தடுக்க முடியாதா? முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

தெலங்கானாவில் கத்வால் என்று ஒரு மாவட்டம். 2018இல் அங்கே போலீஸ் சூப்பிரண்டாக இருந்தவர் ரமா ராஜேஸ்வரி. கிராமங்களுக்குப் போய்வந்த போலீசார் ஒரு மாற்றத்தைக் கவனித்தார்கள். கோடைக்காலத்தில் அங்கே ஜனங்கள் வீட்டுக்கு வெளியே கட்டில் போட்டுத் தூங்குவது வழக்கம். அந்த ஆண்டு எல்லோரும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே கிடந்தார்கள். "ஏன்?" என்று விசாரித்தபோது செல்போனில் வந்த வீடியோக்கள் தெரியவந்தன.

அவர் போலீசாரை ஊர் ஊராக அனுப்பினார். அவர்கள் லத்தியோடு மிரட்டப் போகவில்லை. ஜனங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். "இந்தப் படம் பொய், இது இங்கே நடந்ததல்ல" என்று காட்டினார்கள். தப்பு அடித்துப் பாட்டாகவும் பாடினார்கள். புதிய தண்டோரா செய்த கெடுதலைப் பழைய தண்டோராவால் சரி செய்தார்கள். சுமார் 400 கிராமங்களில் இந்த வேலை நடந்தது. நாட்டின் பல இடங்களில் உயிர்கள் போன அந்த நாட்களில் அங்கே வதந்தியால் ஓர் உயிரும் போகவில்லை.

கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் வேறு வழியில் போனது. 2017இல் அங்கே தட்டம்மைக்குத் தடுப்பூசி போட்டார்கள். "இந்த ஊசி போட்டால் ஆபத்து" என்று வாட்ஸ்அப்பில் பொய் பரவியது. பெற்றோர் சிலர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் மீர் முகமது அலி. அவர் அரசுப் பள்ளிகளில் ஒரு பாடம் தொடங்கினார். செல்போனில் வரும் செய்தி உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்கும் பாடம் அது. அதற்கு "சத்தியமேவ ஜெயதே" என்று பெயர். "வாய்மையே வெல்லும்" என்பது அதன் பொருள். பிள்ளைகள் பள்ளியில் கற்றதை வீட்டில் பெரியவர்களுக்குச் சொன்னார்கள்.

வாட்ஸ்அப் கம்பெனியும் சில மாற்றங்கள் செய்தது. 2018 ஜூலையில் ஒரு புதிய அடையாளம் வந்தது. வேறொருவரிடமிருந்து வாங்கி அனுப்பிய செய்தி என்றால் அதன் மேல் ஓர் அம்புக்குறி தெரியும். அதே மாதத்தில் இந்தியாவில் ஒரு வரம்பும் வந்தது. ஒரு செய்தியை ஒரே தட்டில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று ஆக்கினார்கள். பல கை மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி வரும். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். இரட்டை அம்புக்குறியைப் பார்த்தால் "இது எங்கிருந்தோ வருகிறது" என்று உஷாராக வேண்டும்.

பேசும் உரிமை

"செல்போனால் இவ்வளவு கெடுதல் என்றால் அதில் பேசுவதையே தடுத்துவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். அது சரியல்ல. பேசுவது குடிமக்களின் உரிமை. நம் அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு அதைத் தருகிறது.

ரேஷன் கடையில் அரிசி வரவில்லை. அதைப் படம் எடுத்துப் போடலாம். தெருவிளக்கு எரியவில்லை. அதைச் சொல்லலாம். ஒரு தலைவர் சொன்னதைப் பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம். இதெல்லாம் குற்றம் அல்ல.

இதற்காக ஒரு பெரிய வழக்கே நடந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டில் வந்தது. பிறகு அதில் 66ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பிறருக்கு எரிச்சல் தரும் செய்தியை அனுப்பினால்கூட 3 ஆண்டு வரை சிறை என்றது அந்தப் பிரிவு. எரிச்சல் என்றால் என்ன? யாருக்கு எது எரிச்சல் என்று யார் சொல்வது?

2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் பால்கர் என்ற ஊரில் இரண்டு இளம்பெண்களைப் போலீசார் கைது செய்தார்கள். ஒரு தலைவர் இறந்தபோது மும்பையில் கடைகளை அடைத்தார்கள். அதைப் பற்றி ஒரு பெண் ஃபேஸ்புக்கில் கேள்வி எழுப்பினார். இன்னொரு பெண் அதற்கு "லைக்" போட்டார். இதுதான் அவர்கள் செய்தது.

இதைப் பார்த்து ஸ்ரேயா சிங்கால் என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2015 மார்ச் 24ஆம் தேதி தீர்ப்பு வந்தது. 66ஏ பிரிவு பேச்சுரிமைக்கு விரோதமானது, அது செல்லாது என்றது நீதிமன்றம்.

2020 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. இன்டர்நெட் வழியாகப் பேசுவதற்கும் அரசியல் சட்டம் பாதுகாப்புத் தருகிறது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. காலவரம்பு இல்லாமல் இன்டர்நெட்டை நிறுத்தி வைக்கக் கூடாது என்றும் சொன்னது. வதந்தி பரவும்போது சில இடங்களில் இன்டர்நெட்டையே நிறுத்துகிறார்கள். 2018இல் திரிபுராவிலும் நிறுத்தினார்கள். அப்போது பொய் மட்டும் நிற்பதில்லை. பணம் அனுப்புவதும் நிற்கிறது. பிள்ளைகளின் படிப்பும் நிற்கிறது. "இது பொய்" என்று சொல்லும் உண்மைச் செய்தியும் நிற்கிறது.

ஆனால் உரிமைக்கு ஓர் எல்லை உண்டு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டம் அமலில் இருக்கிறது. ஜனங்களிடம் பீதியைக் கிளப்பிக் குற்றம் செய்யத் தூண்டும் வதந்தியைப் பரப்புவது அதன் 353ஆவது பிரிவின்படி குற்றம். இதற்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். செல்போனில் பரப்பினாலும் அதே தண்டனைதான். அநியாயத்தைக் கேட்பது உரிமை. பொய்யைச் சொல்லி அடிக்கத் தூண்டுவது குற்றம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அந்தரங்க உரிமை

இன்னோர் உரிமையும் இருக்கிறது. தன் சொந்த விஷயம் தன்னிடம் இருக்கட்டும் என்று சொல்லும் உரிமை அது. கே.எஸ். புட்டசாமி என்ற ஓய்வு பெற்ற நீதிபதி ஒரு வழக்குப் போட்டார். அதில் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தரங்கம் ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்றார்கள்.

ஒருவருக்கு இருக்கும் உரிமை அடுத்தவருக்கும் உண்டு. பக்கத்து வீட்டுப் பெண்ணின் படத்தைக் கேட்காமல் போடக் கூடாது. விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரைப் படம் பிடித்து அனுப்பக் கூடாது. அந்தப் படத்தை அவருடைய பிள்ளைகள் பார்த்தால் என்ன ஆகும்? முதலில் 108க்குப் போன் செய்ய வேண்டும். ஒருவரின் அந்தரங்க உறுப்பைச் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பதும் அனுப்புவதும் பெரிய குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவின்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு.

சொந்த விவரங்களையும் காத்துக்கொள்ள வேண்டும். பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் ஓ.டி.பி. எண்ணைக் கேட்பார். அது பெட்டிச் சாவி போன்றது. எந்த பேங்கும் அதைக் கேட்காது. "பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று இன்னொருவர் சொல்வார். பணம் வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பணம் போவதற்குத்தான் அது தேவை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பேங்குக்கும் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

தட்டுவதற்கு முன் ஐந்து கேள்விகள்

ஒரு செய்தி வந்தால் உடனே அனுப்ப வேண்டாம். இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. இதை முதலில் சொன்னது யார்? அனுப்பியவரிடம் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். "எனக்கும் வந்தது" என்று பதில் வந்தால் அவருக்கும் தெரியாது என்று பொருள்.

2. எந்த ஊர், எந்தத் தேதி? இரண்டும் இல்லாத செய்தியை நம்ப வேண்டாம். பழைய படத்தைப் புதிது என்று அனுப்புவார்கள். வேறு நாட்டுப் படத்தை நம் ஊர் என்பார்கள்.

3. பத்திரிகையிலும் ரேடியோவிலும் இது வந்ததா? இவ்வளவு பெரிய செய்தி அவர்களுக்குத் தெரியாமல் போகுமா?

4. இதைப் படித்ததும் கோபமும் பயமும் பொங்குகிறதா? அப்படியானால் சற்று நிறுத்துங்கள். பொங்க வைப்பதற்காகவே எழுதியிருக்கலாம்.

5. இது பொய்யாக இருந்தால் யாருக்கு அடி விழும்? வெளியூர்க்காரருக்கா? வேறு மதத்துக்காரருக்கா? பிச்சைக்காரருக்கா? புத்தி பேதலித்தவருக்கா?

ஐந்தில் ஒன்றுக்குப் பதில் சரியாக இல்லை என்றாலும் அந்தச் செய்தி உங்களோடு நிற்கட்டும். பொய் என்று தெரிந்தால் அனுப்பியவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். "அக்கா, இது பழைய படம். இதை அழித்துவிடுங்கள்" என்று சொன்னால் போதும். குரூப்பில் நாலு பேர் முன்னால் அவமானப்படுத்த வேண்டாம். முன்பு நீங்கள் ஒரு பொய்யை அனுப்பிவிட்டீர்களா? அதே குரூப்பில் "நான் அனுப்பியது தவறு" என்று எழுதுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஊரில் புதிய ஆளைப் பார்த்து உண்மையிலேயே சந்தேகம் வந்தால் 112க்குப் போன் செய்யுங்கள். அது போலீஸ் உதவி எண். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098க்குப் போன் செய்யுங்கள். விசாரிப்பது போலீஸ் வேலை. தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. கூட்டத்துக்கு அந்த இரண்டு வேலையும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்

எழுத்துக் கற்றவருக்கு ஒரு பலம் உண்டு. வந்த செய்தியைத் தானே படிக்கலாம். மறுபடியும் படிக்கலாம். பிறர் வாசித்துச் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. படிப்பது என்றால் எழுத்துக் கூட்டுவது மட்டும் அல்ல. "இது உண்மையா?" என்று கேட்பதும் படிப்பில் சேர்ந்ததுதான்.

ரெயின்பாடாவில் அன்று சந்தைக்குப் பெரிய கூட்டம் வந்திருந்தது. அந்த ஐந்து பேரும் அரிசியோ காசோ கேட்க வந்தவர்கள். வீட்டில் அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. "பிள்ளை பிடிக்கிறவர்கள்" என்ற குரல் எழுந்தபோது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "யார் பார்த்தது?"

அடுத்த முறை ஒரு செய்தி உங்கள் கைக்கு வரும்போது அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பிறகு தட்டுங்கள்.

பேசிப் பார்க்க

1. உங்கள் செல்போனுக்கு வந்த செய்திகளில் எது பொய் என்று பிறகு தெரிந்தது? அதை யார் யாருக்கு அனுப்பினீர்கள்?

2. கத்வால் மாவட்டத்தில் செய்ததை உங்கள் ஊரில் எப்படிச் செய்யலாம்?

3. அநியாயத்தைச் சொல்வதற்கும் வதந்தி பரப்புவதற்கும் என்ன வேறுபாடு?

4. 112, 1098, 1930 ஆகிய மூன்று எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். எதை எப்போது கூப்பிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.